ஒய்யார விகடம்

இங்கிலாந்து தேசத்தில் 1965 முதல் 1968 வரையில், ஒவ்வோர் ஆண்டும் வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியான போஜனம் முடிந்து வறுத்த இறைச்சியின் வாசனை இன்னும் அறையை விட்டு நீங்காத வேளையில், வீட்டார் அனைவரும் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்திருக்க, பி.பி.சி. வானொலியில் ‘ரவுண்ட் த ஹார்ன்’ என்ற ஹாஸ்ய நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். கனத்த குரலும் கனவான் தோரணையும் வாய்ந்த கென்னத் ஹார்ன் என்ற பெரிய மனிதர், நிகழ்ச்சி முடியும் தறுவாயில், புதிதாகத் திறந்த ஏதோ ஒரு கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவார். தளுக்கும் குழைவும் நிறைந்த ஓர் ஆண்குரல் அவரை எதிர்கொண்டு, தன் பெயர் ஜூலியன் என்றும், கூட இருப்பவர் தன் சிநேகிதர் ஸாண்டி என்றும் அறிமுகம் செய்துகொள்ளும். அந்தச் ‘சிநேகிதர்’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அரங்கத்துக் கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். அரங்கத்தோடு கூடவே தேசமெங்கும் உள்ள கூடங்களில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் உட்பட ஒன்றரைக் கோடி ஜனங்கள் வரையில் சிரித்தார்கள் என்பது அக்காலத்துக் கணக்கு.

ஜூலியனும் ஸாண்டியும் வெறும் குரல்கள். ஆனால் அவர்களைப் போன்ற இருவர் மெய்யாகவே அடுத்த தெருவில் ஒரே வீட்டில் குடியிருந்து, அவர்களுடைய உறவு இன்னதென்று அக்கம்பக்கத்தார் எவரேனும் போலீசாருக்கு எழுதிப்போட்டிருந்தால், அந்த 1965-ஆம் ஆண்டில் இருவரும் கூண்டில் ஏறிச் சிறைக்குப் போயிருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமையன்று கொண்டாடுவதற்கும் திங்கட்கிழமையன்று தண்டிப்பதற்கும் ஒரே மனிதனை ஒரு சமூகம் எங்ஙனம் வைத்துக்கொண்டிருந்தது என்ற கேள்வியே என்னை நெடுநாளாக இந்தச் சரித்திரத்தின்பால் இழுத்துவருகிறது. ஒய்யாரமாக நடந்து, கையை ஒடித்துப் பேசி நம்மைச் சிரிக்கவைக்கும் ஆண்பிள்ளை தொலைக்காட்சியில் தோன்றுவது வெறும் கேளிக்கைதானா, அல்லது தம் பாலினரையே நேசிக்கும் ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள் என்ற பொய்ச்சித்திரத்தை ஜனங்களின் மனத்தில் ஆழப் பதிக்கும் காரியமா என்ற விவாதம் இன்று பல தேசங்களிலும் நடைபெறுகிறது. அந்த விவாதம் பிறந்து வளர்ந்த விதத்தை இங்கிலாந்தின் வானொலி, தொலைக்காட்சி வரலாற்றில் காண்பதுபோல் தெளிவாகக் காண்பது அரிது.

சட்டத்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1835 நவம்பரில் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு எளிய மனிதர்கள் லண்டன் நியூகேட் சிறைவாசலில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் ‘குற்றத்’துக்காக இங்கிலாந்தில் நிறைவேறிய கடைசி மரணதண்டனை அது. 1861-இல் தூக்குக்கயிறு நீங்கி ஆயுள்சிறை வந்தது. 1885-இல் வந்த மற்றொரு சட்டம், அந்தரங்கமாயினும் பகிரங்கமாயினும் ஆண்களுக்கிடையே நிகழும் எவ்வகை நெருக்கத்தையும் குற்றமாக்கியது. ஆஸ்கர் வைல்டை 1895-இல் இரண்டாண்டுக் கடுங்காவலுக்கு அனுப்பியதும், யுத்தகாலத்தில் ஜெர்மானியரின் ரகசிய லிபிகளை உடைத்த கணித மேதை ஆலன் டூரிங்கை 1952-இல் குற்றவாளி என்று தீர்த்ததும் அந்தச் சட்டமே. மெக்காலே வரைந்து, 1862 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் இதே விருக்ஷத்தின் கிளைதான். சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்மீது அதன் நிழல் ஒன்றேபோல் விழுந்தது; நட்டவர்கள் தங்கள் தோட்டத்தில் அதை 1967-இல் வெட்டத் தொடங்கிய பிறகும், நம் தேசத்தில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அது நின்றுகொண்டிருந்தது; இலங்கையில் இன்னும் அகற்றப்படவில்லை. ஆகையால் இந்த ஆங்கிலக் கதை நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அன்று.

சட்டம் இங்ஙனமிருக்க, நாடகமேடையின் நிலைமை விசித்திரமானது. 1737 முதல் 1968 வரையில் ஆங்கில நாடகங்கள் யாவும் லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அவருடைய காரியாலயத்தார் நீலப் பென்சிலால் அடித்தது போக எஞ்சியதைத்தான் மேடையேற்ற முடிந்தது. ஓர் ஆண் மற்றோர் ஆணிடம் கொண்ட காதலைப் பற்றிக் கௌரவமாகவும் துக்கத்தோடும் வெளிப்படையாகப் பேச 1958 வரையில் அந்தக் காரியாலயம் இடங்கொடுத்ததில்லை. ஆனால் அதே காலத்தில், கிறிஸ்துமஸ் பருவத்துப் ‘பேன்டமைம்’ கூத்துகளில் மீசைமழித்த ஆண்பிள்ளை கிழவி வேஷம் கட்டிப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கும், ‘மியூசிக் ஹால்’ என்னும் விகடசாலைகளில் இடுப்பை ஒடித்து நடந்து காட்டுவதற்கும் எவ்விதத் தடையும் இருந்ததில்லை. இன்னொருவரை நேசித்து, அந்த நேசத்தால் வருந்துகிற மனிதனாக வருவதற்குக் கதவு சாத்தியிருந்தது. சிரிப்புக்குரியவனாக வருவதற்கு மட்டும் கொல்லைப்புறத்துக் கதவு திறந்திருந்தது. பிற்காலத்தில் ஹாஸ்ய நடிகர்கள்மீது சாட்டப்பட்ட பழிகளைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் கொல்லைக் கதவைத் தவிர அவர்களுக்கு வேறு வாசல் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

வானொலியோ அந்தக் கொல்லைக் கதவையும் சாத்தப் பார்த்தது. 1948-இல் பி.பி.சி.யின் விகட நிகழ்ச்சிப் பகுதியார் தங்கள் எழுத்தாளர்களுக்கென்று ஒரு கைப்புத்தகம் அச்சிட்டார்கள். ‘பச்சைப் புத்தகம்’ என்று அதற்கு வழக்கில் பெயர். அதில் அறவே விலக்கப்பட்ட ஹாஸ்ய விஷயங்களின் பட்டியலில், கழிப்பறைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் நடுவே, ஆண்களின் பெண்மைத்தன்மையும் இடம்பெற்றிருந்தது. தேனிலவுத் தம்பதிகள், ஹோட்டல் பணிப்பெண்கள், மாதர் உள்ளாடை ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பாகக்கூடச் சொல்லலாகாது என்றும் அதில் கண்டிருந்தது. ஆனால் தடையானது எழுத்தாளர்களை ஊமையாக்கவில்லை, சிலேடையில் வல்லவர்களாக்கியது. 1960-இல் ஹியூ கிரீன் என்பவர் பி.பி.சி.யின் தலைமைப் பதவிக்கு வந்து, அந்தப் பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கிய பிறகுதான் ஜூலியனுக்கும் ஸாண்டிக்கும் வானொலியில் பிரவேசம் கிடைத்தது.

சட்டத்தின் மனம் வேறு, ஜனங்களின் மனம் வேறு என்பதைக் காட்டும் ஒரு சம்பவத்தை இவ்விடத்தில் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 1953-இல், ‘ஸர்’ பட்டம் பெற்று நான்கு மாதமே ஆன மகாநடிகர் ஜான் கில்குட், லண்டன் செல்ஸீ பகுதியில் கைதாகி, நீதிமன்றத்தில் பத்துப் பவுன் அபராதம் விதிக்கப்பட்டார். பத்திரிகைகள் அதைப் பறைசாற்றின. அதன்பின் சில நாட்களில் லிவர்பூல் நகரில் அவர் நடிக்கவேண்டிய நாடகம் தொடங்கியபோது, மேடைக்குள் நுழையக் கால் வராமல் திரைமறைவிலேயே நின்றுவிட்ட அவரை, உடன் நடித்த சிபில் தார்ன்டைக் என்ற மூத்த நடிகை வந்து அழைத்துச்சென்றார் என்பர். கூட்டம் கூச்சல் போடும் என்று எல்லோரும் அஞ்சியிருக்க, சபையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சத்தத்துக்கும், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்த சிரிப்புச் சத்தத்துக்கும் ஏதோ ஓர் உறவு உண்டென்றே நான் நம்புகிறேன்.

‘ரவுண்ட் த ஹார்ன்’ நிகழ்ச்சியை எழுதிய பாரி டுக், மார்ட்டி ஃபெல்ட்மன் இருவரும் இல்லறத்தார்கள். ஜூலியனாகவும் ஸாண்டியாகவும் பேசிய ஹியூ பாடிக், கென்னத் வில்லியம்ஸ் இருவரும் ஆண்களையே நேசித்தவர்கள். முதலில் இந்தப் பாத்திரங்கள், வேலையில்லாமல் வயிற்றுப்பாட்டுக்காக வீட்டுவேலைக்கு வந்த இரண்டு கிழ நடிகர்களாகவே கற்பனை செய்யப்பட்டிருந்தன. தயாரிப்பாளருடைய யோசனையின்பேரில் அவர்கள் வாலிபர்களானார்கள், நாடகக் கம்பெனியின் கூட்டநடனக்காரர்களானார்கள். ஜூலியன் ஸ்லேட், ஸாண்டி வில்ஸன் என்று அக்காலத்தில் பிரசித்தமாயிருந்த இரண்டு சங்கீத நாடக ஆசிரியர்களின் பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. வாரந்தோறும் அவர்கள் ஒரு புதுத் தொழில் தொடங்குவார்கள்: புத்தகக் கடை, பிரயாண ஏற்பாட்டு நிலையம், செல்லப்பிராணிக் கடை, எதுவாயினும் பெயருக்கு முன்னால் ‘பொனா’ என்ற சொல் இருக்கும். ஒரு வாரம் அவர்கள் வக்கீல்களாகவும் வந்தார்கள். தங்களுடைய நேரத்தில் பெரும்பகுதியைக் ‘கிரிமினல் பிராக்டீஸ்’ விழுங்கிவிடுகிறது என்று அவர்கள் ஹார்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்கள். கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல் தொழில் என்று பாட்டிக்கு ஒரு பொருள். சட்டம் குற்றமென்று தீர்த்துவைத்த ஒரு பழக்கம் என்று தெரிந்தவருக்கு மற்றொரு பொருள். ஒரே சொல்லால் வீட்டுக் கூடத்தைச் சிரிக்கவைத்து, அதே மூச்சில் நாட்டின் சட்டத்தையே அவர்கள் சிரிப்புக்கு இலக்காக்கினார்கள். இதைவிடத் துணிகரமான வாக்கியம் அந்தப் பத்தாண்டில் பாராளுமன்றத்திலும் ஒலித்ததோ என்பது எனக்குச் சந்தேகம்.

‘பொனா’ என்பது ஆங்கிலச் சொல் அன்று. நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, இடக்கரடக்கலையும் மங்கலத்தையும் சொல்லி, மூன்றாவதாகக் குழூஉக்குறியை வைத்திருக்கிறார் அல்லவா? பொன்னைப் பறி என்று தட்டாரும், கள்ளைச் சொல்விளம்பி என்று வேட்டுவரும் தம் கூட்டத்துக்குள் மாத்திரம் வழங்குவதுபோல, நாடகக்காரர்களும் சந்தைக் கூத்தாடிகளும் வியாபாரக் கப்பல்களில் பரிசாரக வேலைபார்த்த மாலுமிகளும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ‘பொலாரி’ என்னும் குழூஉக்குறியைச் சேர்ந்தது அச்சொல். பேசு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லே அந்தப் பெயருக்கு மூலம். மத்தியதரைக்கடல் துறைமுகங்களின் கலப்பு பாஷை, ஜிப்ஸிகளின் ரோமானி, யூதர்களின் இட்டிஷ், லண்டன் தெருப்பேச்சு யாவும் அதில் கலந்திருந்தன. பொனா என்றால் நல்லது. வாடா என்றால் பார் (நம் காதில் அது வேறு உரிமையோடு ஒலிக்கிறது). ஓமி ஆண், பலோனி பெண், இரண்டையும் சேர்த்து ஓமி-பலோனி என்றால் ஆணை நேசிக்கும் ஆண். முகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்து ‘ஈகாஃப்’ என்றாக்கி, அதையும் குறுக்கி ‘ஈக்’ என்பார்கள். கூந்தலைக் குறிக்கும் சொல்லையும் அப்படியே புரட்டி ‘ரையா’ என்பார்கள். போலீஸ்காரன் பக்கத்து மேஜையில் அமர்ந்திருக்கும்போது, எதிரே வரும் வாலிபன் அழகாயிருக்கிறான் என்று சிநேகிதனிடம் சொல்வதற்கு ஒருவனுக்கு இப்படி ஒரு பாஷை வேண்டியிருந்தது. பயத்தினால் பிறந்த பாஷையாயினும் அதில் எவ்வளவு உல்லாசம், எவ்வளவு விளையாட்டு!

அந்தப் பாஷையை ஞாயிற்றுக்கிழமை வானொலிக்குக் கொண்டுவந்ததில் ஒரு கொடுக்கலும் ஒரு வாங்கலும் இருந்தன. ஏதோ ஒரு சிற்றூரில், தன்னைப்போல் இந்த உலகத்தில் வேறு ஒருவனும் இல்லை என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருந்த பையன், குடும்பத்தாரோடு அமர்ந்து அந்தக் குரல்களைக் கேட்டபோது, தன்னைப்போல் இருவராவது உண்டு, அவர்கள் சந்தோஷமாயும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டான். அப்படித் தெரிந்துகொண்டவர்கள் பிற்காலத்தில் அதை நன்றியோடு பதிவுசெய்திருக்கிறார்கள். மற்றொரு பக்கம், ஒன்றரைக் கோடி பேருக்கு விளங்கிவிட்ட குழூஉக்குறி குழூஉக்குறியாக இருக்க முடியாது. பூட்டின் சாவியை ஊருக்கெல்லாம் அடித்துக்கொடுத்தது போலாயிற்று. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது என் மனத்தில் முதலில் படுவது ஹார்னின் கருணை. அவர் ஒருபோதும் முகஞ்சுளிப்பதில்லை, அருவருப்பதில்லை. சில சமயம் அவரே ஒரு பொலாரிச் சொல்லை எடுத்துவிட்டு, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்களை வியக்கவைப்பார். அவர்கள் இருவரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, யாரையும் பார்த்து ஒதுங்குவதில்லை. அவர்கள் இருவர் என்பதே முக்கியம். சிரிப்புக்குரிய ஒற்றை மனிதனாக இல்லாமல், ஒருவன் பேச்சை மற்றவன் முடித்துவைக்கும் ஜோடியாக அவர்கள் வந்தார்கள். அவர்களைத் தம்பதிகள் என்று எவரும் சொல்லவில்லை, எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவும் இல்லை.

1967 ஜூலை 27-ஆம் தேதி சட்டம் மாறிற்று. பத்தாண்டுகளுக்கு முன் ஊல்ஃபென்டன் குழு செய்த சிபாரிசை ஒட்டி, இருபத்தொரு வயது நிரம்பிய இரண்டு ஆண்கள் அந்தரங்கத்தில் கூடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமல்ல என்றாயிற்று. ஸ்காட்லாந்துக்கு 1980 வரையிலும், வட அயர்லாந்துக்கு 1982 வரையிலும் அது எட்டவில்லை. ராணுவத்தாரையும், வியாபாரக் கப்பலில் தம்முள் கூடிய மாலுமிகளையும் அந்தச் சட்டம் விலக்கியே வைத்தது. பொலாரியை வளர்த்த கப்பல்காரர்களுக்கே விமோசனம் கிடைக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1970 அக்டோபரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ‘கே லிபரேஷன் ஃபிரன்ட்’ என்ற இயக்கம் தோன்றியது; 1972 ஜூலை முதல் தேதி லண்டன் தெருக்களில் முதல் பெருமித ஊர்வலம் நடந்தது. இந்த வாலிபர்கள் வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்க விரும்பியவர்கள். ரகசிய பாஷையும் தளுக்கும் அடிமைக்காலத்துச் சின்னங்கள் என்று அவர்களில் பலர் கருதினார்கள். பொலாரி மெல்ல மங்கிற்று. ஆனால் அந்த 1972-ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சியில் வேறொன்று தொடங்கிற்று.

அவ்வாண்டு செப்டம்பரில் ம்யூனிக் ஒலிம்பிக் விளையாட்டுகளில் நிகழ்ந்த படுகொலையால் ஒளிபரப்பு நிரல் குலைந்துபோக, காலியான நேரத்தை நிரப்புவதற்காக, ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ என்ற நாடகத்தின் மாதிரிப் பகுதியைப் பி.பி.சி. எடுத்துப் போட்டது. கிரேஸ் பிரதர்ஸ் என்ற கற்பனைத் துணிக்கடையில் ஆண்கள் உடைப்பகுதியின் விற்பனையாளர் மிஸ்டர் ஹம்ஃப்ரீஸாக ஜான் இன்மன் நடித்தார். தாமே லண்டனில் ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கடையில் வேலை பார்த்தவர். இப்பாத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்று மேலதிகாரிகள் சொன்னதாகவும், அது போனால் நானும் போகிறேன் என்று தயாரிப்பாளர் டேவிட் கிராஃப்ட் மறுத்ததாகவும் அந்த நாடகத்தைச் சேர்ந்தவர்கள் சொல்வதுண்டு. 1985 வரையில் அறுபத்தொன்பது பகுதிகள் ஓடின. வாடிக்கைக்காரர் உள்ளே வந்ததும், எனக்குக் கை ஒழிவாக இருக்கிறது என்று பொருள்படும் ‘ஐம் ஃப்ரீ’ என்ற இரண்டே வார்த்தைகளைச் சங்கீதம்போல் இழுத்துச் சொல்லிக்கொண்டு, அளவுநாடாவும் கையுமாக ஹம்ஃப்ரீஸ் சின்ன அடி வைத்து ஓடிவருவார். தேசமே அதைத் திருப்பிச் சொல்லிற்று. விடுதலை என்று ஊர்வலக்காரர்கள் கோஷமிட்டதும் ஏறக்குறைய அதே சொல்தான் என்பது எனக்கு எப்பொழுதும் ஒரு வேதனையைத் தருகிறது.

லாரி கிரேஸன் இன்னொரு வகை. பிறந்து பத்தே நாளில் வளர்ப்புத் தாயிடம் ஒப்படைக்கப்பட்டு, அத்தாயும் இறந்தபின் வளர்ப்புச் சகோதரியால் நுனீட்டன் என்ற தொழிலாளர் ஊரில் வளர்க்கப்பட்டவர். பதினான்கு வயதில் மேடையேறி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிற்றூர்களின் மன்றங்களில் உழைத்தவர். அவருக்குத் தொலைக்காட்சிப் புகழ் வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அவர் ஹாஸ்யத் துணுக்கு சொல்வதே அபூர்வம். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதன்மேல் இல்லாத தூசியை விரலால் தடவுவார், குளிர்காற்று அடிக்கிறது, கதவைச் சாத்துங்கள் என்பார், முதுகுவலியைச் சொல்வார், பிறகு எவரார்டு என்ற தம் சிநேகிதரைப் பற்றி, பக்கத்து வீட்டம்மாள் வேலிக்கு மேலாகச் சொல்வதுபோல் வம்பு பேசுவார். எவரார்டு ஒருநாளும் மேடைக்கு வந்ததில்லை. 1978 முதல் சனிக்கிழமை மாலைகளில் ‘ஜெனரேஷன் கேம்’ நிகழ்ச்சியை அவர் நடத்தியபோது, பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஆங்கிலத் தொழிலாளர் குடும்பங்களின் கிழவிகள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பாவித்தார்கள்.

எதிர்ப்பு வந்தது. தன்பாலீர்ப்பினரின் சமத்துவத்துக்காக உழைத்த ‘கேம்பெய்ன் ஃபார் ஹோமோசெக்ஷுவல் ஈக்வாலிட்டி’ என்ற சங்கத்தார், இன்மன் நடித்த மேடைக் காட்சி ஒன்றன் வாசலில் மறியல் செய்தார்கள். அவர்களுடைய வாதம் அற்பமானதன்று. தம் வாழ்நாளில் இத்தகைய மனிதர் ஒருவரையும் அறிந்து பழகாத ஜனங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் ஒரே மாதிரி ஹம்ஃப்ரீஸ் என்றால், ஹம்ஃப்ரீஸைப்போல் நடப்பவன் மட்டுமே அப்படிப்பட்டவன், அப்படிப்பட்டவன் எவனும் ஹம்ஃப்ரீஸைப்போல் நடப்பான் என்ற இரண்டு மூடநம்பிக்கைகள் ஒருங்கே வளரும். பள்ளிக்கூட மைதானத்தில் சற்று மென்மையாக நடந்த பையனின் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு வார்த்தைகளை இழுத்துக் கத்தியவர்கள் உண்டு. கத்தக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் புண்ணைப் பெரியவர்களான பின்னும் ஆற்றிக்கொள்ள முடியாமல் எழுதியிருக்கிறார்கள். ஹம்ஃப்ரீஸ் தாயைப் பிரியாத பிள்ளை, அவ்வளவே என்றும், தாம் மிகைப்படுத்தவில்லை, தம்மைவிட ஒய்யாரமானவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள் என்றும் இன்மன் சமாதானம் சொல்லிவந்தார். அச்சமாதானத்தின் பிற்பாதி உண்மை, முற்பாதி பயம்.

தெருவில் நடமாடினார்கள் என்பதற்குச் சாட்சி குவென்டின் கிரிஸ்ப். 1930-களிலேயே லண்டன் வீதிகளில் மருதோன்றிச் சிவப்பு ஏறிய தலைமுடியோடும், சாயம் பூசிய உதடு நகங்களோடும் நடந்து, ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அடித்தபோதும் மறுநாள் அதே கோலத்தோடு வெளியே வந்த மனிதர். சர்க்கார் உதவிபெறும் கலைப்பள்ளிகளில் மாணாக்கர் வரைவதற்கு நிர்வாணமாக நின்று வயிறு வளர்த்தவர். அவருடைய சுயசரிதை ‘தி நேகட் சிவில் சர்வன்ட்’ என்ற பெயரிலேயே 1975 டிசம்பரில் தேம்ஸ் தொலைக்காட்சியில் நாடகமாயிற்று. ஜான் ஹர்ட் கிரிஸ்பாக நடித்தார். ஹம்ஃப்ரீஸைக் கண்டு சிரித்த அதே ஜனங்கள், அதே நடையையும் அதே கையசைவையும், வாங்கிய அடிகளோடு சேர்த்து அன்று பார்த்தார்கள். அந்த நாடகத்திலும் ஹாஸ்யம் ஏராளம். ஆனால் அந்த ஒய்யாரம் ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சொத்து என்பது அன்று எல்லோருக்கும் புலனாயிற்று.

ஆகையால், ஒய்யாரமே பொய் என்று வாதித்தவர்களோடு நான் உடன்படமாட்டேன். மீசையும் கோட்டும் அணிந்து, அண்டைவீட்டாரைப்போலவே நடப்பவர்களை மட்டும் காட்டுங்கள், அப்போதுதான் எங்களுக்குக் கௌரவம் உண்டு என்று கேட்பது, அடிவாங்கிய கிரிஸ்பை மறுபடியும் ஒருமுறை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதாகும். பெண்மைச் சாயலைக் கண்டு வெட்கப்படும் கௌரவம், பெண்களையும் சேர்த்தே அவமதிக்கும் கௌரவம். என் மனக்குறை வேறு. ஹம்ஃப்ரீஸுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் வேலை கொடுத்தார்கள், சகாக்களின் அன்பைக் கொடுத்தார்கள், சாமர்த்தியமான பேச்சைக் கொடுத்தார்கள். தொலைபேசி அழைப்புகளும் ஜாடைகளும் போக, மாலையில் கடை சாத்தியபின் அவர் கைகோத்துச் செல்ல நிலையான ஒரு துணையை எவரும் கொடுக்கவில்லை. கிரேஸனுடைய எவரார்டுக்கு ஓர் உருவமே இல்லை. சிரிக்கத் தக்கவன், ஆனால் நேசிக்கப்படத் தகாதவன் என்ற ஏற்பாடுதான், நடையையும் கையசைவையும்விட ஆழமாக ஜனங்களின் மனத்தில் பதிந்தது. அதற்கு நடிகர்களைக் குற்றஞ்சொல்ல எனக்கு நா எழவில்லை. கொல்லைக் கதவை மட்டும் திறந்துவைத்திருந்த வீட்டார், சட்டம் மாறிய பின்னும் நெடுங்காலம் முன்வாசலைத் திறக்காமலே இருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டின் பாரத்தைச் சுமந்த நடிகர்களில் கென்னத் வில்லியம்ஸைப் படிக்கும்போது மனம் கலங்குகிறது. தேசத்தைச் சிரிக்கவைத்த ஸாண்டி, தாயாரின் அருகாமையில் ஒரு சிறிய அடுக்குவீட்டில் தனியாக வாழ்ந்தார். இளமை முதல் விடாமல் எழுதிவந்த நாட்குறிப்புகள், 1988-இல் அவர் இறந்தபின், 1993-இல் அச்சேறின. தம்மையே வெறுப்பதும், எவரையும் நெருங்கவிடாமல் காத்துக்கொள்வதுமாக நாற்பதாண்டுகள் அவர் நடத்திய போராட்டம் அதில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அவருக்கு எதிரே ஒலிவாங்கியின் மறுபுறம் நின்ற ஹியூ பாடிக்கோ, ஒரே துணைவரோடு முப்பதாண்டுகளுக்கு மேல் அமைதியாக இல்லறம் நடத்தினார். ஒரே ஹாஸ்யம், ஒரே காலம், ஒரே சட்டம். ஆயினும் இரண்டு வாழ்க்கைகள். சிரிப்பு ஒருவரைக் காப்பாற்றியது, மற்றவரைக் கெடுத்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

பின்வந்த காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். 1988-இல், உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’லாகாது என்ற 28-ஆம் பிரிவு வந்து, 2003 வரை பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களின் வாயைக் கட்டிற்று. அந்த ஆண்டுகளிலேயே ஜூலியன் கிளேரி மினுமினுக்கும் உடையும் முகச்சாயமுமாக மேடையேறி, ஜாடையாகச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, தாம் இன்னார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுச் சிரிக்கவைத்தார். அவருக்குப்பின் கிரகாம் நார்ட்டன் வந்தார். 1999-இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதிய ‘க்வியர் ஆஸ் ஃபோக்’ தொடரில் ஒய்யாரமானவர்களும் அல்லாதவர்களும் ஒன்றாக வந்து, காதலித்து, சண்டையிட்டு, சாகவும் செய்தார்கள். பலர் நடுவே ஒருவராக நின்றபோது ஒய்யாரக்காரரின் தோள்களில் இருந்து ஒரு ஜாதி முழுவதற்கும் பிரதிநிதியாக நிற்கவேண்டிய சுமை இறங்கிற்று.

2005 டிசம்பர் 5-ஆம் தேதி, ஒருபால் இணையர் தம் கூட்டுவாழ்க்கையைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ள உரிமை தரும் ‘சிவில் பார்ட்னர்ஷிப்’ சட்டம் பிரிட்டனில் அமலுக்கு வந்தது. ஜான் இன்மன் தம்மோடு முப்பதாண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்த துணைவரை அழைத்துக்கொண்டு, அந்த டிசம்பர் மாதத்திலேயே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பதிவு அலுவலகத்துக்குச் சென்று கையெழுத்திட்டார். அப்போது அவருக்கு வயது எழுபது. அதன்பின் ஏறக்குறைய பதினைந்து மாதங்களே உயிரோடிருந்தார்.